கப்பல் கல்விக்கு வாசல் நான்காம் படிவத்தில்

தோட்டத்துப் பெற்றோர்களுக்கு இந்த வாரம் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். மூன்றாம் படிவம் முடியும் தறுவாயில் உங்கள் பிள்ளை இடைநிலைப்பள்ளியிலிருந்து அந்தக் காகிதத்தைக் கொண்டு வருவான். நான்காம் படிவத்தில் அவன் எந்தெந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறான் என்பது அதில் இருக்கும். அடியில் தகப்பனாரோ தாயாரோ கையெழுத்துப் போட வேண்டும். வெட்டுக் காட்டிலிருந்து களைத்து வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, "அப்பா, இதுல ஒரு சைன் போடுங்க" என்று நீட்டுவான். நாமும் போட்டுக் கொடுத்து விடுவோம். "இதுல என்ன பாடம் இருக்கு, என்ன பாடம் இல்ல?" என்று கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்த ஒரு கையெழுத்து, பிள்ளையின் எதிர்காலத்தில் சில வாசல்களைத் திறக்கும், சில வாசல்களைச் சாத்தும். அப்படி நமக்குத் தெரியாமலே சாத்திப் போகிற வாசல்களில் ஒன்று கப்பல் அதிகாரிக்கான படிப்பு. எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு, "கப்பல் வேலைக்குப் போகலாமா?" என்று யோசிக்கிற தம்பிமார்கள் உண்டு. அப்போது விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் இயற்பியல் கேட்டிருக்கும். தம்பி இயற்பியல் பாடமே எடுத்திருக்க மாட்டான். அவனுக்கு மூளை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கடலும் நாமும்

கடல் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன், பூட்டன் எல்லாம் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்து இறங்கியவர்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் நம் பெரியவர்களுக்கு ஆயிரம் ஞாபகம் வரும். அந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்த ஜனங்கள் நாம். கப்பலைச் செலுத்தும் மேடையில் நின்றவர்கள் வேறு யாரோ.

போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. கேரித்தீவிலும் பந்திங் வட்டாரத்திலும் உள்ள தோட்டங்களுக்கு அந்தத் துறைமுகம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நாம் வெட்டிய குலையிலிருந்து பிழிந்த எண்ணெய் அங்கிருந்துதான் கப்பலேறிப் போகிறது. அந்தக் கப்பலை ஓட்டுகிற அதிகாரியாக நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஏன் இருக்கக் கூடாது?

"அதெல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்களுக்குங்க" என்று சொல்லிப் பழகிவிட்டோம். கப்பல் பயிற்சிக் கழகம் பார்ப்பது பரீட்சை மதிப்பெண், கண், உடம்பு, நடத்தை ஆகியவற்றைத்தான். லயத்தில் பிறந்தானா, பங்களாவில் பிறந்தானா என்று விண்ணப்பத்தில் கேட்பதில்லை.

எங்கே படிப்பது?

இந்த நாட்டில் கப்பல் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதில் முன்னோடியாக இருப்பது மலாக்காவில் மஸ்ஜிட் தானா வட்டாரத்தில் கடலோரமாக அமைந்துள்ள மலேசியக் கடல் கழகம். மலாயில் அதை அகாடமி லாவுட் மலேசியா என்பார்கள். சுருக்கமாக, 'அலாம்'. 1977இல் மாலுமிகளுக்கான பயிற்சி நிலையமாகத் தொடங்கி, 1981இல் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கழகமாக அது வளர்ந்தது. இது தவிர, ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும், லூமுட்டில் உள்ள கோலாலம்பூர் பல்கலைக்கழகக் கிளையிலும் கப்பல் இயந்திரம் சம்பந்தப்பட்ட படிப்புகள் உள்ளன.

கப்பல் அதிகாரிகளில் முக்கியமாக இரண்டு பிரிவு. ஒன்று கப்பலைச் செலுத்தும் பிரிவு. இதில் சேர்பவர் மூன்றாம் அதிகாரி, இரண்டாம் அதிகாரி, தலைமை அதிகாரி என்று படிப்படியாக ஏறி கேப்டன் ஆகலாம். மற்றொன்று இயந்திரப் பிரிவு. இதில் ஏறிப் போனால் தலைமை இஞ்சினியர் பதவி. இரண்டு பிரிவிலும் முதலில் 'கடேட்', அதாவது பயிற்சி அதிகாரி என்றுதான் சேர்த்துக் கொள்வார்கள்.

இந்தப் பயிற்சிக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. 1978இல் ஏற்படுத்தப்பட்டு, 1995லும் 2010லும் பெரிய அளவில் திருத்தப்பட்ட அனைத்துலக ஒப்பந்தம் அது. அதன்படி வகுப்பறையில் படித்தால் மட்டும் அதிகாரி ஆகிவிட முடியாது. கப்பலைச் செலுத்தும் பிரிவில் அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தின் கீழ் குறைந்தது 12 மாதம் கடலில் பணியாற்றி, அன்றாடம் செய்த வேலைகளைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்க வேண்டும். பிறகு கடல் இலாகாவின் எழுத்துப் பரீட்சையும் வாய்மொழிப் பரீட்சையும் எழுதித் தேறினால்தான் தகுதிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தால் பல நாட்டுக் கப்பல்களிலும் வேலை தேடலாம்.

ஏன் இயற்பியல்? ஏன் கணிதம்?

சேர்க்கைக்கான நிபந்தனைகளைப் படித்தால் கணிதம், ஆங்கிலம், இயற்பியல் போன்ற பாடங்களில் கிரெடிட் கேட்பதைக் காணலாம். கிரெடிட் என்றால் எஸ்.பி.எம்.மில் 'சி' அல்லது அதற்கு மேல். வெறும் 'டி', 'இ' வாங்கினால் பாஸ்தான், கிரெடிட் ஆகாது. தேசிய மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். வரலாற்றில் கட்டாயம் தேற வேண்டும் என்ற விதி 2013 முதல் நடப்பில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை விளம்பரத்தில் வரும் நிபந்தனைகளைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

இந்தப் பாடங்களை எதற்காகக் கேட்கிறார்கள் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் படிப்பு பாரமாக இராது. டிராக்டர் பெட்டியில் செம்பனைக் குலையை அளவுக்கு மேல் உயரமாக அடுக்கினால் மேட்டு வளைவில் கவிழும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாரம் மேலே ஏற ஏற வண்டி ஆட்டம் காணும். இதைத்தான் இயற்பியல் புத்தகம் ஈர்ப்பு மையம் என்கிறது. கப்பலில் சரக்கை எங்கே வைப்பது, எண்ணெயை எந்தத் தொட்டியில் எவ்வளவு நிரப்புவது என்று கணக்குப் போடுவதும் இதே பாடம்தான். டிராக்டர் கவிழ்ந்தால் குலை கொட்டும், ஓட்டியவருக்கு அடிபடும். கப்பல் கவிழ்ந்தால் அதில் உள்ள அத்தனை பேர் உயிரும் போகும். அதனால்தான் இந்தக் கணக்குத் தெரியாதவனைக் கப்பலில் அதிகாரியாக ஏற்ற மாட்டார்கள்.

கணிதமும் அப்படியே. கடலில் தூரத்தைக் கடல் மைலில் அளப்பார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்துக்கு ஒரு 'நாட்' என்று பெயர். 14 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், 336 கடல் மைல் போகும். கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 622. இந்த அளவுக் கணக்கு முதல் படிவப் பிள்ளையும் போடலாம். ஆனால் காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும்போது கப்பலின் முகத்தை எந்தப் பக்கம் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கேட்டால் முக்கோணக் கணிதம் வந்துவிடும். அது நான்காம், ஐந்தாம் படிவங்களில் படிக்கிற கணக்கு. கூடுதல் கணிதத்தையும் எடுத்துப் படித்திருந்தால் பிள்ளைக்குக் கழகத்தின் முதல் வருடப் பாடம் மிரட்சி தராது.

ஆங்கிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே கப்பலில் நாலு நாட்டு ஆட்கள் வேலை செய்வார்கள். அவர்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம். கப்பலுக்குக் கப்பல் ரேடியோவில் பேசுவதற்கென்றே நிலையான ஆங்கிலச் சொற்றொடர்களை அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2001இல் வகுத்தது. வலது என்று சொன்னதை இடது என்று காதில் வாங்கினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, பிறகு 'பெராலிஹான்' வகுப்பில் ஒரு வருடம் இருந்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் இரவு ஐந்தே வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இன்று மழை எத்தனை மணிக்கு வந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, வீட்டில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதினால் போதும். கப்பலில் தினமும் எழுதும் குறிப்பேடும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். மூன்று வருடம் விடாமல் எழுதினால் அந்தப் பிள்ளையின் ஆங்கிலம் பட்டணத்துப் பிள்ளைக்குக் குறைந்ததாக இராது.

பரீட்சை இல்லாத வருடங்கள்

இங்கே ஓர் ஆபத்தையும் எச்சரிக்கிறோம். முன்பெல்லாம் ஆறாம் வகுப்பில் ஒன்று, மூன்றாம் படிவத்தில் ஒன்று என்று அரசாங்கப் பரீட்சைகள் இருந்தன. பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான் என்பது அப்போது வெட்ட வெளிச்சமாகத் தெரிந்துவிடும். யு.பி.எஸ்.ஆர். 2021இலும், பி.டி.3 2022இலும் நிறுத்தப்பட்டன. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால் கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளையும் எஸ்.பி.எம். வரைக்கும் படிவம் படிவமாக ஏறிப்போய்விடலாம். வீட்டில் கவனிக்க ஆள் இல்லாவிட்டால், குறை தெரிவது கடைசிப் பரீட்சையில்தான். அப்போது தெரிந்து என்ன பயன்?

ஆகவே பெற்றோர் தினச் சந்திப்புக்கு அரைநாள் வேலை போனாலும் பரவாயில்லை என்று போய் வாருங்கள். அம்மாக்களே, "எனக்கு என்னாங்க தெரியும், நான் படிக்காதவ" என்று ஒதுங்காதீர்கள். ஆசிரியரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். என் பிள்ளை கணிதத்தில் எப்படி? அறிவியலில் எப்படி? நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுக்க முடியுமா? முடியாது என்று சொன்னால், என்ன செய்தால் முடியும் என்று நான்காவது கேள்வியையும் கேளுங்கள். சில பள்ளிகளில் இயற்பியல் வகுப்புக்குப் போதுமான மாணவர் இல்லையென்று தோட்டத்துப் பிள்ளைகளை வேறு பாடங்களில் போட்டுவிடுவது உண்டு. அங்கே வாய் திறந்து கேட்கிற பெற்றோரின் பிள்ளைக்குத்தான் வழி பிறக்கும்.

கண்ணும் உடம்பும்

படிப்பு இருந்தும் கடைசி நேரத்தில் திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு. காரணம், கண். இரவில் கப்பலின் இடது பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலது பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் அப்படி வகுத்திருக்கின்றன. எதிரே வரும் கப்பலின் விளக்கைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிப்பார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக் கொண்டு கப்பலைச் செலுத்த முடியாது. பிறவியிலேயே வரும் இந்தக் குறை ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பல பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணாடி போட்டு இதைச் சரிசெய்யவும் இயலாது.

இதற்கான பரிசோதனை சிறியதுதான். நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள், ஐந்து நிமிட வேலை. மூன்றாம் படிவத்திலேயே ஒரு முறை பார்த்துவிட்டால், வீணாக ஆசையை வளர்த்து ஏமாற வேண்டியதில்லை. குறை இருந்தால் வேறு நல்ல படிப்பை நேரத்தோடு தேர்ந்து கொள்ளலாம். கிட்டப் பார்வை, தூரப் பார்வை வேறு சங்கதி. அனைத்துலக விதியில் கண்ணாடி போட்டுக் குறிப்பிட்ட அளவு பார்வை தெரிந்தால் ஏற்றுக் கொள்கிறார்கள். ஆகவே கண்ணாடி போட்ட பிள்ளை மனம் தளர வேண்டாம்.

மற்றபடி இழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, காது, பல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சொத்தைப் பல்லை இன்றே அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். நடுக்கடலில் பல் டாக்டர் கிடையாது. நீச்சலும் கற்றுக் கொள்ள வேண்டும். அதற்காக ஈயக் குட்டையிலும் ஆற்று மடுவிலும் தனியாகக் குதிக்க விடாதீர்கள். அப்படிப் போய்த் திரும்பாத பிள்ளைகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். நகராண்மைக் கழகத்தின் நீச்சல் குளத்தில், பெரியவர் ஒருவர் கூட இருக்கக் கற்றுக் கொள்ளட்டும்.

சம்சு, போதைப்பொருள், குண்டர் கும்பல் சகவாசம், இவற்றுக்கும் கப்பலுக்கும் வெகுதூரம். காவலில் இருக்கும் அதிகாரியின் இரத்தத்தில் 0.05 விழுக்காட்டுக்கு மேல் மது இருக்கக் கூடாது என்று அனைத்துலக விதி சொல்கிறது. நிறுவனங்கள் இதை இன்னும் கடுமையாக வைத்திருக்கும். பதினாறு வயதில் ஒரு போலீஸ் கேஸில் மாட்டிக் கொண்டால் பதினெட்டு வயதில் அது குறுக்கே வந்து நிற்கும். தம்பிமார்களே, இதை உங்களுக்கு நேராகவே சொல்கிறோம்.

பத்திரங்களைப் பாருங்கள்

இன்னொரு முட்டுக்கட்டை நம் ஜனங்களுக்கே உரியது. கப்பலுக்குப் போகிறவனுக்குக் கடப்பிதழும், கடல் இலாகா தரும் கடலோடிப் பத்திரமும் வேண்டும். அவற்றுக்கு அடையாள கார்டு வேண்டும். அடையாள கார்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பிறப்பைக் காலத்தில் பதியாமல் விட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை என்கிற குடும்பங்களும் உண்டு. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிந்தாக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயாரைப் பொறுத்துப் போகும். தாயார் சிவப்புக் கார்டுக்காரராக இருந்தால் பிள்ளைக்கு வரும் சிக்கல் பெரிது.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுத்திருக்க வேண்டும். எடுக்கும்போதே தடை வந்தால் அன்றைக்கே தேசியப் பதிவிலாகாவில் மனுப் போடுங்கள். இந்த விவகாரங்கள் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இழுக்கும். எஸ்.பி.எம். முடிந்த பிறகு தொடங்கினால் அந்த வருடச் சேர்க்கை போயே போய்விடும். பெயர் எழுத்தில் பிழை இருந்தாலும், பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி என்று இருந்தாலும் இப்போதே திருத்தி வையுங்கள்.

பணமும் ஏமாற்றும்

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த வருமானத்தில் பிள்ளையைக் கப்பல் படிப்புக்கு அனுப்புவது சுலபமில்லை. கட்டணம் கனமானது. ஆகவே முதலில் தேட வேண்டியது கப்பல் நிறுவனத்தின் ஆதரவு. 1968இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.எஸ்.சி. போன்ற நிறுவனங்கள் கடேட்களுக்கு ஆதரவளித்து வந்துள்ளன. ஆதரவு கிடைத்தால் செலவுச் சுமை குறைவதோடு, இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. முன்னே சொன்ன 12 மாதக் கடல் பயிற்சிக்கு ஏறுவதற்குக் கப்பல் கிடைக்கும்.

இதைப் பெற்றோர்கள் கவனமாகப் புரிந்து கொள்ள வேண்டும். சொந்தப் பணத்தில் சேர்ந்த பிள்ளை வகுப்பறைப் பாடத்தை முடித்துவிட்டு, ஏறுவதற்குக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் உட்கார நேரிடலாம். கடல் பயிற்சி இல்லையேல் சான்றிதழ் இல்லை. கட்டிய பணமும் முடங்கும், வயதும் போகும். எந்தக் கழகத்தில் சேர்ந்தாலும், பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "எங்க பிள்ளைக்குக் கப்பல்ல இடம் யார் குடுப்பாங்க?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆதரவு தரும் நிறுவனம் ஒப்பந்தம் போடும். படிப்பு முடிந்து எத்தனை வருடம் உழைக்க வேண்டும், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். ஆசிரியரிடமோ படித்த உறவினரிடமோ கொடுத்து வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே கிடைக்கும். சேரப் போகும் படிப்புக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஏஜெண்டு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை. "பத்தாயிரம் குடுங்க, மூணே மாசத்துல கப்பல்ல ஏத்தி விடறேன்" என்று சொல்லிக் கொண்டு தோட்டத்துக்கு வருகிறவனை நம்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை மலேசியா 2013இல் ஏற்றுக் கொண்டது. அதன்படி, கப்பலில் வேலை பிடித்துக் கொடுப்பதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் பத்திரம், கடப்பிதழ் ஆகியவற்றின் செலவுகளை மட்டும் அவர் ஏற்கலாம். வேலைக்காகப் பணம் கேட்பவன் சட்டத்தை மீறுகிறான். சங்கிலியை அடகு வைத்து அவன் கையில் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் பிள்ளைக்கு இரண்டு வருடம் கணிதமும் ஆங்கிலமும் டியூஷன் வையுங்கள்.

கஷ்டத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்

கப்பல் வேலை சினிமாவில் வருவது போல் வெள்ளை உடுப்பும் உல்லாசமும் அல்ல. கடேட் துருவைச் சுரண்டுவான், தொட்டியைக் கழுவுவான், இயந்திர அறையின் சூட்டில் எண்ணெய்க் கையோடு நிற்பான். நள்ளிரவு பன்னிரண்டுக்கும் அதிகாலை நாலுக்கும் காவல் முறை வரும். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய காரியமில்லை. ஓய்வுக்கும் சட்டம் உண்டு. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணியும், ஏழு நாளில் 77 மணியும் ஓய்வு தர வேண்டும்.

தனிமை அதைவிடக் கஷ்டம். மாதக் கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. தீபாவளி கடலில் போகும். வீட்டில் ஒரு சாவு என்றால், கப்பல் அடுத்த துறைமுகம் சேரும் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. கொள்ளி வைக்கவும் வர முடியாமல் போகலாம். மூத்த மகனை அனுப்பும் பெற்றோர் இதை முன்கூட்டியே பேசி மனதைத் தயார் செய்து கொள்ள வேண்டும். பிள்ளையின் மனத்தையும் கேளுங்கள். அப்பா சொன்னார் என்பதற்காக மட்டும் போகிறவன் அங்கே நிலைக்க மாட்டான்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த வழி அடைபடவில்லை. கப்பல் அதிகாரிகளாகப் பெண்கள் இன்று பணியாற்றுகிறார்கள். கடல்துறைப் பெண்களுக்கென்று மே 18ஆம் நாளை 2022 முதல் உலக அளவில் கொண்டாடி வருகிறார்கள். கணிதத்தில் கெட்டிக்காரியாக இருக்கும் மகளிடம், "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இயற்பியல்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இடம் கிடைக்காவிட்டால்?

விண்ணப்பித்த எல்லாருக்கும் இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் இயற்பியலும் கணிதமும் ஆங்கிலமும் வீணாகப் போவதில்லை. பாலிடெக்னிக்கும் மெட்ரிகுலேஷனும் ஆறாம் படிவமும் அதே பாடங்களோடு வருகிற பிள்ளையை வரவேற்கும். கிரெடிட் குறைந்த பிள்ளைக்குச் சாதாரண மாலுமிப் பயிற்சி என்ற வழியும் இருக்கிறது. அதில் சேர்ந்து, கடலில் 36 மாதம் பணியாற்றி, மேற்கொண்டு படித்து அதிகாரி பரீட்சைக்கு உட்காரவும் விதியில் இடம் உண்டு. நீண்ட வழிதான், ஆனாலும் வழி.

தோட்டத்துத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை, மேளம், சாப்பாடு என்று வசூல் செய்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வசூலில் ஒரு சிறு பங்கை எடுத்து, சமூக மண்டபத்தில் வாரம் இரண்டு இரவு கணிதம், இயற்பியல், ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்யுங்கள். தொழிற்சங்கக் கிளைத் தலைவர்கள் நாலு தோட்டத்துப் பிள்ளைகளை ஒன்று சேர்த்து, பயிற்சிக் கழகத்தின் திறந்த நாளுக்கு ஒரு பஸ்ஸில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான் ஆசை பிறக்கும்.

பெற்றோர்களே, இந்த மாதத்துக்குள் செய்யக் கூடியவை மூன்று. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள கார்டையும் எடுத்துப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணைப் பரிசோதித்து வாருங்கள். மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, இயற்பியல் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. நம் முன்னோர் கடல் கடந்து வந்தது கூலி வேலைக்காக. அந்தக் கடலிலேயே நம் பிள்ளைகள் அதிகாரிகளாகப் போக வேண்டுமானால், அதற்கான வேலையைப் பள்ளிக்கூட நாளிலேயே தொடங்கியாக வேண்டும்.